மழை பெய்யாத இரவில் நனைந்த கூடாரம்

கூடாரமடித்துத் தங்கிய யாரைக் கேட்டாலும் இந்தப் புகாரைச் சொல்வார்கள். இரவு முழுக்க ஒரு தூறல்கூட இல்லை. படுக்கும்போது வானம் நிறைய நட்சத்திரம். ஆனால் விடியற்காலை நாலரை மணிவாக்கில் நெற்றியில் சொட்டென்று ஒரு துளி விழும். கையை உயர்த்தித் துணியைத் தொட்டால் உள்ளங்கை முழுக்க ஈரம். போர்வையின் கால்மாடு நனைந்திருக்கும். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய டென்ட் ஒழுகுகிறதே என்று விற்றவரைத் திட்டிக்கொண்டே எழுந்து உட்காருவார்கள்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் கூடாரப் பயணத்துக்கான ஆயத்தத்தில் முக்கால்வாசி முடிந்தது என்பேன். எந்த மாதம் போவது, எங்கே அடிப்பது, வாசலை எந்தத் திசைக்கு வைப்பது, கீழே என்ன விரிப்பது என்ற முடிவுகள் பெரும்பாலும் அந்த விடையிலிருந்தே வந்துவிடும். எந்த டென்டை வாங்குவது என்பது கடைசியாகக் கேட்க வேண்டியது. பெரும்பாலானோர் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

இந்த அத்தியாயத்தின் களமாக விழிஞ்ஞத்தை எடுத்துக்கொள்கிறேன். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கோவளத்தை ஒட்டிய ஊர். ஆய் மன்னர்களின் துறைமுகமாக இருந்து, பாண்டியரும் சோழரும் படையெடுத்துப் போன இடம். 2024 ஜூலையில் சான் ஃபெர்னாண்டோ என்ற பெரிய சரக்குக் கப்பல் வந்து சேர்ந்ததிலிருந்து செய்திகளில் அடிபடும் துறைமுகம். நாகர்கோவில்காரர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். ஊருக்குத் தெற்கே ஆழிமலை, புளிங்குடி, சொவ்வரை என்று கடலைப் பார்த்த செம்பாறை மேடுகளும், அவற்றின் மேல் தென்னந்தோப்புகளும், இடையிடையே சிறு மணற்கரைகளும் வரிசையாக இருக்கின்றன. கூடாரக்காரருக்கு ஆசை காட்டும் நிலம். ஈரம், உப்பு, காற்று, மணல் ஆகிய நான்கும் ஒரே இரவில் கூடாரத்தைச் சோதிக்கும் நிலமும் அதுதான்.

ஒழுகலா, வேர்வையா?

முதலில் டென்ட் மேல் உள்ள பழியை நீக்கிவிடலாம். கூடாரத்தின் அட்டையில் 2000 மி.மீ., 3000 மி.மீ. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். துணியின் மேல் அந்த உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தி வைத்தால்தான் அது கசியத் தொடங்கும் என்று பொருள். 2000 என்றால் ஓர் ஆளைவிட உயரமான நீர்த்தூண். சாதாரண மழைத்துளி அந்த அளவு அழுத்தத்தைத் தராது. துணி நல்ல நிலையில் இருந்தால் நீர் புகுவது பெரும்பாலும் தையல் வழியாகத்தான். தையல் வழி வந்தால் ஈரம் கோடு போட்டதுபோல் இருக்கும். நம் புகாரில் உள்ள ஈரமோ துணியின் உட்புறம் முழுக்க, மேற்பகுதியில் அதிகமாக, பொடிப்பொடித் துளிகளாகப் படர்ந்திருக்கிறது. உள்ளேயிருந்து வந்த நீர் அது.

அதன் பெரும்பகுதி நாம் விட்ட மூச்சு.

ஒரு மனிதர் சும்மா படுத்திருந்தாலும், வியர்க்காவிட்டாலும், மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் அவர் உடலிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர். வீட்டில் படுத்திருக்கும்போது இதை நாம் உணர்வதில்லை. அறை பெரியது, சன்னல் இருக்கிறது, ஓட்டிடுக்கு இருக்கிறது. இரண்டு பேர் படுக்கும் கூடாரத்துக்குள் இருக்கும் காற்று மொத்தமே இரண்டு கன மீட்டர்தான்.

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. சூடான காற்று அதிகம் தாங்கும், குளிர்ந்தது குறைவாகத் தாங்கும். காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் 'இதற்கு மேல் தாங்காது' என்று அது நீரைக் கீழே விடும். அந்த வெப்பநிலையைப் பனிநிலை என்று வைத்துக்கொள்வோம். குளிர்ந்த மோர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறம் முத்து முத்தாக வேர்ப்பது இதனால்தான். டம்ளரின் சுவர் பனிநிலைக்குக் கீழே போய்விட்டது. கூடாரத்தில் அந்த டம்ளரின் இடத்தில் இருப்பது தலைக்கு மேலுள்ள துணி.

துணி ஏன் குளிர்கிறது?

காற்றும் துணியும் ஒரே வெப்பத்தில்தானே இருக்க வேண்டும் என்று தோன்றலாம். பகலில் அடுத்த வீட்டுத் தகரக் கூரை காற்றைவிட எவ்வளவோ சூடாவதைப் பார்த்திருக்கிறோம். இரவில் நடப்பது அதன் மறுபக்கம்.

எல்லாப் பொருள்களும் ஓயாமல் வெப்பக் கதிர்களை வெளியே வீசுகின்றன. சுற்றியுள்ள பொருள்களும் வீசுவதால் வரவும் செலவும் ஏறத்தாழ சமமாகிவிடும். வெட்டவெளியில் நிற்கும் கூடாரத்தின் மேல் துணிக்கு எதிரே இருப்பதோ வானம். தெளிவான இரவு வானத்திலிருந்து திரும்பி வரும் வெப்பம் குறைவு. ஆகவே துணி கொடுத்துக்கொண்டே இருக்கிறது, வாங்குவது போதவில்லை. சுற்றியுள்ள காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்து விடுகிறது. மெல்லிய துணி என்பதால் சேமித்து வைத்த வெப்பமும் அதனிடம் இல்லை. மேகம் மூடிய இரவில் இது நடப்பதில்லை. மேகம் கம்பளிபோல் கதிர்களைத் திருப்பி அனுப்பிவிடும். நட்சத்திரம் நிறைந்த இரவில்தான் கூடாரம் அதிகம் நனையும் என்பது இப்போது வியப்பாக இருக்காது.

மரநிழல் இரவிலும் நிழல்தான். துணிக்கும் வானத்துக்கும் நடுவே இலைகள் இருந்தால் வானத்தின் குளிருக்குப் பதிலாக இலைகளின் வெப்பம் துணிக்குக் கிடைக்கும். பனி இறங்கக்கூடாது என்று பெரியவர்கள் மரத்தடியில் கட்டிலைப் போட்டது இந்தக் கணக்கில்தான். விழிஞ்ஞம் பக்கம் கண்ணுக்கு எட்டிய மரமெல்லாம் தென்னை என்பதுதான் சிக்கல். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தேங்காய் தரையைத் தொடும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். தென்னையின் கீழ் மட்டும் கூடாரம் வேண்டவே வேண்டாம். காய்ந்த மட்டை விழுந்தாலும் கூடாரக் கம்பி முறியும். தோப்பின் ஓரத்தில் பூவரசோ புங்கையோ மாமரமோ இருந்தால், பட்டுப்போன கிளை எதுவும் மேலே இல்லை என்று அண்ணாந்து பார்த்துவிட்டு, அதன் விளிம்பில் இடம்பிடிக்கலாம்.

ஆறு நிமிடக் கணக்கு

இனி ஓர் இரவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி மாதம், விழிஞ்ஞம், பின்னிரவு. வெளியே 23 டிகிரி செல்சியஸ். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதம் என்று கொள்வோம், கடற்கரைக்கு அது சாதாரணம். 23 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 20.6 கிராம் நீராவியைத் தாங்கும். 85 சதவீதம் என்றால் ஏற்கெனவே 17.5 கிராம் இருக்கிறது. மிச்சமுள்ள இடம் 3 கிராம். நம் கூடாரத்தில் இரண்டு கன மீட்டர் காற்று, ஆகவே 6 கிராம்.

இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள். மூச்சும் தோலும் சேர்ந்து ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 30 கிராம் நீரை வெளியே விடுகிறார். இருவருக்கும் 60 கிராம். நிமிடத்துக்கு ஒரு கிராம்.

இருப்பது 6 கிராமுக்கு இடம், வருவது நிமிடத்துக்கு ஒரு கிராம். வாசலையும் சன்னலையும் ஜிப் போட்டு இறுக மூடினால் ஆறு நிமிடத்தில் கூடாரம் நிரம்பிவிடும். படுத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே நிரம்பிவிடும். அதன் பிறகு வெளிவரும் ஒவ்வொரு கிராமும் எங்காவது நீராக ஒட்டியாக வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு 480 கிராம். இரண்டு டம்ளர் தண்ணீரைக் கூரையில் தெளித்துவிட்டுப் படுத்ததற்குச் சமம். உடல்சூட்டில் உள்காற்று இரண்டு டிகிரி ஏறினால் இன்னும் நாலைந்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான். உண்மையில் எந்தக் கூடாரமும் முழுக்க அடைபடுவதில்லை, இடுக்குகள் வழியே கொஞ்சம் வெளியேறும். ஆனாலும் குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடியவர்களின் டென்டில் பாதி டம்ளருக்குக் குறையாமல் ஈரம் சேர்ந்திருப்பதை விடியற்காலையில் துண்டால் துடைத்துப் பிழிந்து பார்க்கலாம். துளிகள் பெரிதாகித் தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், விடியலுக்குச் சற்று முன் காற்று லேசாகத் துணியை அசைத்தால் அத்தனையும் ஒன்றாக உதிரும். நாலரை மணி மழை அதுதான்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் மருந்து கிடைத்துவிடும். வெளியேறும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றும் 3 கிராம் நீரைச் சுமந்துகொண்டு போக முடியும். மணிக்கு 60 கிராம் போக வேண்டுமென்றால் 20 கன மீட்டர் காற்று வெளியேற வேண்டும். அதாவது ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை கூடாரத்துக் காற்று முழுசாக மாற வேண்டும்.

கேட்க மலைப்பாக இருக்கிறது. ஆனால் ஒரு சாண் அகலத்துக்குச் சற்று கூடுதலாக, 30 செ.மீ. நீளமும் 10 செ.மீ. உயரமும் உள்ள ஒரு திறப்பை நினைத்துப் பாருங்கள். அதன் வழியே நொடிக்கு 20 செ.மீ. வேகத்தில் காற்று நுழைகிறது. கன்னத்தில் பட்டால்கூடத் தெரியாத அளவு மெதுவான நகர்வு அது. நொடிக்கு 6 லிட்டர் காற்று வரும். மணிக்கு 21,600 லிட்டர், அதாவது 21.6 கன மீட்டர். நமக்கு வேண்டியதற்கு மேலேயே இருக்கிறது.

இரண்டு நிபந்தனைகள் மட்டும். உள்ளே வர ஒரு வழி இருந்தால் வெளியே போக அதே அளவில் இன்னொரு வழி வேண்டும், அதுவும் எதிர்ப்புறத்தில், முடிந்தால் உயரத்தில். உடல்சூட்டில் லேசான காற்று மேலேதான் போய்ச் சேரும். இரண்டாவது, கொசுவலை. வலை காற்றைத் தடுக்கும், நெருக்கமான வலையில் பாதிக்குப் பாதி குறையும். எனவே திறப்பை இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும். கொசுவலையைத் திறந்து வைக்கச் சொல்லும் அறிவியல் எதுவும் விழிஞ்ஞத்தில் செல்லாது.

கடையில் கூடாரம் பார்க்கும்போது இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேல் துணியும் வலையாலான உள்கூடும் தனித்தனியாக இருக்கின்றனவா, இரண்டுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி இருக்கிறதா, உச்சியில் மழை புகாத மூடியோடு காற்றுவழி இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டைத் துணியில் நீர் மேல் துணியின் உட்புறத்தில் படியும், சரிவில் வழிந்து உள்கூட்டுக்கு வெளியே இறங்கிவிடும். போர்வை தப்பும். ஒற்றைத் துணி டென்ட் விலை மலிவு, தூக்க எளிது, நம் கடற்கரைக்கு ஆகாது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன காற்றின் பனிநிலை 20 டிகிரிக்குச் சற்று மேல். தெளிந்த வானத்தின் கீழ் துணி 20 டிகிரிக்கு இறங்கிவிட்டால், யாரும் படுக்காத கூடாரமும் நனையும். அந்த ஈரத்துக்கு மூச்சு காரணமில்லை, காற்றோட்டமும் மருந்தில்லை. மரத்தடி மட்டும்தான் உதவும்.

கரைக்காற்றுக்கு வாசல் வைத்தல்

திறப்பு தயார். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும்?

மலையிலோ சமவெளியிலோ இதற்கு உறுதியாகப் பதில் சொல்வது கடினம். கடற்கரையில், அமைதியான பருவத்தில், சொல்லலாம். பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. முற்பகலில் தொடங்கி மாலை வரை வீசும் கடற்காற்று இது. சூரியன் மறைந்ததும் நிலம் வேகமாகக் குளிர்கிறது, கடல் அப்படியே இருக்கிறது. இரவு ஏற ஏறக் காற்று திரும்புகிறது. நிலத்திலிருந்து கடலுக்கு. இதைத்தான் கடற்புரத்தில் கரைக்காற்று என்கிறார்கள். எஞ்சின் வராத காலத்தில் இந்தக் கரையின் கட்டுமரங்கள் விடியலுக்கு முன் கரைக்காற்றில் பாய் விரித்துக் கடலுக்குள் போய், பகலில் கடற்காற்றைப் பிடித்துத் திரும்பின. ஒரு நாளின் தொழிலே இந்தத் திருப்பத்தின் மேல்தான் கட்டப்பட்டிருந்தது.

கூடாரம் அடிப்பவர் வழக்கமாக மாலை ஐந்து மணிக்கு வருகிறார். கடற்காற்று முகத்தில் அடிக்கிறது. சுகமாக இருக்கிறதே என்று கடலைப் பார்த்து ஒற்றை வாசலை வைக்கிறார். முதுகுப்புறம் மூடிய துணி. பத்து மணிக்குமேல் காற்று பின்பக்கத்திலிருந்து வரும்போது அதற்கு உள்ளே நுழைய வழியே இல்லை. வியர்த்துக் கொட்டிப் புழுங்குகிறார், விடியலில் நனைகிறார்.

விழிஞ்ஞத்தின் கடல் தென்மேற்கே. கரைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். ஆகவே கூடாரத்தின் நீளவாக்கு, கரையிலிருந்து கடலுக்குப் போகும் கோட்டில் இருக்க வேண்டும். இரு முனையிலும் திறப்பு வேண்டும். நிலத்தைப் பார்த்த முனையில் தாழ்வான வாய், கடலைப் பார்த்த முனையில் உயரமான வாய். மாலையில் ஒரு பக்கமும் இரவில் மறுபக்கமும் காற்று புகும், நீங்கள் எழுந்து எதையும் மாற்ற வேண்டியதில்லை. கடலைப் பார்த்த வாசலும் கிடைத்துவிடுகிறது.

காற்றை நகர்த்துவது அழுத்த வேறுபாடுதான் என்பதற்கு இதே ஊரில் பெரியதொரு சாட்சி இருந்தது. 1991இல் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வாளர்கள் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி ஒரு கான்கிரீட் அறையை நிறுவினார்கள். அறைக்குள் அலை ஏறி இறங்கும்போது மேலுள்ள காற்று ஒரு துளை வழியாகத் தள்ளப்பட்டும் இழுக்கப்பட்டும் சுழலியைச் சுழற்றியது. 150 கிலோவாட் திறனுள்ள அலை மின்நிலையம். உலகில் அலையிலிருந்து மின்சாரம் எடுத்த முன்னோடி முயற்சிகளில் அது ஒன்று.

மணலில் ஆணி நிற்குமா?

நிற்காது. மணல்மணிகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது உராய்வு மட்டுமே. அந்த உராய்வு, மேலே எவ்வளவு எடை அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு சாண் ஆழத்தில் அடித்த மெல்லிய ஆணியின் மேல் எடையே இல்லை. கடற்காற்று ஒரு இழுப்பு இழுத்தால் உருவிக்கொண்டு வரும்.

செய்ய வேண்டியது எளிது. பழைய சாக்குத்துணிப் பைகளில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, கட்டுக்கயிற்றைப் பையின் நடுவில் முடிந்து, முழங்கை ஆழத்துக்குக் குழிதோண்டிப் புதையுங்கள். மேலே மணலைப் போட்டு மிதித்துத் தண்ணீர் தெளியுங்கள். இப்போது கயிறு ஒரு மூட்டை மணல் எடையைத் தூக்கினால்தான் பை அசையும். போகும்போது வெறும் பைகளை மடித்து எடுத்துச் செல்லலாம், எடையே கிடையாது. செம்பாறை மேட்டில் இதற்கு நேர்மாறான சிக்கல்: ஆணி இறங்கவே இறங்காது. அங்கே கல்லையோ மரத்தையோ நம்பிக் கயிற்றின் நீளத்தைக் கூட்டி எடுத்துப் போக வேண்டும். மேட்டின் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளியே இருங்கள். மழையில் ஊறிய செம்பாறை சரியும், விளிம்பில் காற்றின் வேகமும் கூடும்.

கீழிருந்து வரும் குளிர்

23 டிகிரியில் குளிருமா என்று கேட்கலாம். இரவு பன்னிரண்டு மணிவரை குளிராது. மூன்று மணிக்குமேல் இடுப்பும் தோளும் சில்லிட்டுத் தூக்கம் கலையும். போர்வையை இன்னும் இழுத்து மூடிக்கொள்வோம். பயன் இருக்காது, ஏனென்றால் வெப்பம் போவது மேல்வழியே இல்லை, கீழே.

காற்று வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். போர்வையின் வேலை காற்றை அடைத்து வைப்பதுதான். உடலுக்குக் கீழே அகப்பட்ட போர்வை நசுங்கிவிடுகிறது, காற்று வெளியேறிவிடுகிறது. பிறகு தோலுக்கும் மண்ணுக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. காய்ந்த மணல் வெப்பத்தைக் கடத்துவதில் மந்தம். ஈர மணலோ அதைவிடப் பல மடங்கு வேகம், மணல்மணிகளுக்கு இடையே காற்று இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் இருக்கிறது. எனவே மேலே காய்ந்திருக்கும் மணலைக் கையால் விலக்கி, நான்கு விரல் ஆழத்தில் ஈரம் தட்டுகிறதா என்று பார்த்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

விரிப்பில் தடிமனைவிட நசுங்காமையே முக்கியம். மூடிய நுண்ணறைகள் கொண்ட ஃபோம் பாய் ஒரு விரல் கனம் இருந்தால் போதும். கோரைப்பாயும் நல்லதே, அதன் தண்டுக்குள் காற்று இருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு விரிக்க வேண்டும். ஊதி நிரப்பும் மெத்தை சொகுசாகத் தெரியும், ஆனால் அதன் பெரிய அறைக்குள் காற்று சுழன்று சுழன்று உடலின் வெப்பத்தைத் தரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதைக் கொண்டு போனால் மேலே ஒரு கோரைப்பாயையும் போட்டுக்கொள்ளுங்கள். இதே பயணத்தைப் பொன்முடி மலைக்கு மாற்றினால் இந்தத் தரைக்குளிர் இன்னும் பெரிதாகும். 1,100 மீட்டர் உயரம் என்பதால் கடற்கரையைவிட ஆறேழு டிகிரி குறைவு. அங்கே தங்க வனத்துறையின் விதிகளைக் கேட்டுத்தான் போக வேண்டும்.

கடல் எவ்வளவு தூரம் வரும்?

இந்தக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. மணலில் பாசியும் குச்சியும் ஒதுங்கிக் கிடக்கும் கோட்டைப் பார்த்து அதற்குமேல் படுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கோடு நேற்றுவரை வந்த கடலைத்தான் காட்டும்.

கேரளக் கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று வரும். உள்ளூரில் காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், கடல் மட்டும் திடீரென்று கரையேறும். காரணம் பல்லாயிரம் கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிமுனையில் வீசிய புயல். அங்கே கிளம்பும் நீண்ட அலைகளுக்கு இரண்டு முகடுகளுக்கு நடுவே 15, 18 நொடி இடைவெளி. 18 நொடி அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும், நாளொன்றுக்கு 1,200 கிலோமீட்டர். ஐயாயிரம் கிலோமீட்டரை நாலு நாளில் கடந்து, ஆற்றலை அதிகம் இழக்காமல், நம் கரையில் வந்து உயரும். மீனவர்கள் வைத்த இந்தப் பெயரை யுனெஸ்கோ 2012இல் அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், இன்காய்ஸ், இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுக்கிறது. அலைகள் வந்து சேர நாட்கணக்கு ஆவதால்தான் அது முடிகிறது. ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம்.

அதனால் கடற்கரைப் பயணத்துக்கு முந்தைய நாள் வானிலை அறிவிப்போடு இன்காய்ஸின் அலை அறிவிப்பையும் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் மணலில் படுக்காதீர்கள், மேட்டுத் தோப்புக்குப் போங்கள். இன்னொன்றும் செய்யலாம். வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவரிடம், "அண்ணாச்சி, இங்க ராத்திரி கடல் எதுவரைக்கும் ஏறும்?" என்று கேட்டுவிடுங்கள். நாகர்கோவில் தமிழ் அங்கே புரியும். படகு ஏற்றி இறக்கும் மணல் அவர்களுடைய தொழிற்களம், அங்கே கூடாரம் அடிப்பது முறையில்லை. எங்கே அடிக்கலாம் என்று அவர்களே காட்டுவார்கள். தோப்பாக இருந்தால் உரிமையாளரிடமும், கரையாக இருந்தால் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுத் தங்குங்கள்.

எந்த மாதம்?

ஜூன் முதல் நாள் வாக்கில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. அப்போது கடல் இந்தக் கரைகளின் மணலையே அரித்துக்கொண்டு போய்விடும், பிறகு அமைதியான மாதங்களில் திருப்பிக் கொண்டுவந்து போடும். அக்டோபர், நவம்பரில் மதியத்துக்குமேல் இடியும் மின்னலும். மின்னலுக்குக் கூடாரம் பாதுகாப்பே இல்லை, மூடிய காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விட வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் விழிஞ்ஞம், பூந்துறை, குமரிக் கரைகளின் மீனவர் குடும்பங்களுக்குச் செய்ததை அந்த ஊர்களில் யாரும் மறக்கவில்லை. வானிலை எச்சரிக்கையை இலேசாக எடுத்துக்கொள்வது அவர்கள் முன்னிலையில் பெரிய பிழை.

ஏப்ரல், மேயில் கள்ளக்கடல். நன்றாகப் பொருந்துவது டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை. மழை மிகக் குறைவு, கரைக்காற்று ஒழுங்காக வரும். தெளிந்த வானம் என்பதால் பனி அதிகம் இறங்கும் மாதங்களும் இவையே. அதற்குத்தான் ஆறு நிமிடக் கணக்கு.

தீ

உள்ளே அடுப்பு வேண்டாம். கேஸ் அடுப்பு எரிந்தால் வாயுவோடு நீராவியும் வரும் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம் கார்பன் மோனாக்சைடு. அணைந்ததுபோல் தோன்றும் கரியிலிருந்தும் அது வந்துகொண்டே இருக்கும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமாக இதைப் பற்றிக்கொள்ளும். தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மீன் சுட்ட கரிச்சட்டியை, கதகதப்பாக இருக்கட்டும் என்று உள்ளே இழுத்து வைத்த குடும்பங்கள் விடியலைப் பார்க்காத செய்திகள் குளிர்ப்பிரதேசச் சுற்றுலா இடங்களிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. சமையல் வெளியே, காற்று போகும் பக்கத்தில், கூடாரத்திலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி. கரியைத் தண்ணீர் ஊற்றி அணைத்து, கையால் தொட்டுக் குளிர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகு படுங்கள்.

திரும்பி வந்த பிறகு

விழிஞ்ஞத்தில் ஜனவரியில் சூரியன் எழுவது 6.45 மணியளவில், நிலத்தின் பக்கமிருந்து. எட்டரைக்குள் துணி காய்ந்துவிடும். காய்ந்தது என்று மடித்துப் பையில் போட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து எடுத்தால் பிசுபிசுவென்று இருக்கும். நாற்றமும் வரும்.

அது உப்பின் வேலை. அலைத் திவலைகள் காற்றில் பறந்து வந்து துணியில் படிந்து காய்கின்றன. கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்கள் மிச்சமாகின்றன. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் வீடுகளில் மழைக்காலத்தில் பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கும். உப்பு படிந்த துணி அதனால் எவ்வளவு நேரம் உலர்த்தினாலும் மறுபடி ஈரமாகும். அந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், துணிக்குள் பூசியிருக்கும் நீர்காப்புப் பூச்சு மெல்ல மெல்லச் சிதைந்து உரியும், ஜிப்பின் உலோக இழுவை பச்சை பிடித்து இறுகும். நல்ல டென்டுகள் இப்படித்தான் இரண்டே பருவத்தில் வீணாகின்றன.

வீட்டுக்கு வந்த அன்றே குளியலறையில் ஒரு பெரிய வாளி நல்ல தண்ணீரில் சோப்பில்லாமல் அலசுங்கள். நாக்கில் வைத்துப் பார்த்து உப்புக் கரிக்கவில்லை என்றால் போதும். ஜிப்பைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள், கம்பிகளின் இணைப்புக்குள் சிக்கிய மணலைத் தட்டி எடுங்கள். நேர் வெயிலில் போட வேண்டாம், புறஊதாக் கதிர் நைலானையும் பாலியெஸ்டரையும் நொய்ய வைக்கும். மொட்டைமாடிக் கொடியில் வேட்டியின் நிழலிலோ, தாழ்வாரத்திலோ ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். இறுக்கிச் சுருட்டிப் பிளாஸ்டிக் உறையில் திணிக்காமல், பருத்தித் துணிப்பையில் தளர்வாக மடித்து, காற்று புகும் அலமாரித் தட்டில் வையுங்கள்.